பழைய கைபேசியை நிறைக்கு விற்பதற்கு முன்

திருகோணமலை நகரில் கைபேசி திருத்தும் சிறிய கடையொன்றை நடத்திவருகிறேன். மேசைக்குக் கீழே மூன்று பெட்டிகள் இருக்கின்றன. திருத்த முடியாதவை ஒன்றில், உதிரிப்பாகங்களுக்காக வாங்கியவை இன்னொன்றில், திருத்தக் கொடுத்தவர்கள் திரும்ப வந்து எடுக்காதவை மூன்றாவதில். சில மாதங்களுக்கு முன்னர் ஒரே நாளில் இரண்டு பேர் பழைய கைபேசி விடயமாகக் கடைக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவர் பழைய இரும்பு, போத்தல் வாங்கும் இளைஞர். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "அண்ணன், போர்ட்ட மட்டும் கழட்டித் தாங்க, கிலோவுக்கு நல்ல விலை தாறன்" என்றார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். கொழும்பில் ஒருவர் வாங்குகிறாராம், உள்ளே தங்கம் இருக்கிறதாம். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. "வீடியோவில பார்த்தன், அசிட் ஊத்தினா நாங்களே எடுக்கலாம்" என்றும் சொன்னார்.

பின்னேரம் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். துணியில் சுற்றி ஒரு நொக்கியா 1100 கொண்டுவந்திருந்தார். "தம்பி, இத வேல செய்ய வைக்க ஏலுமா? கதைக்கத் தேவையில்ல. உள்ளுக்கு மகன்ட மெசேஜ் கிடக்கு." மகன் எங்கே என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அந்தக் கேள்வியை யாரும் அவசரப்பட்டுக் கேட்பதில்லை.

பழைய கைபேசிகளில் இருந்து தங்கம் எடுப்பது பற்றி இப்போது எல்லா இடத்திலும் பேச்சு இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. போரைக் கடந்துவந்த நமது வீடுகளில் இருக்கும் கைபேசிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கைபேசியின் உள்ளே என்ன இருக்கிறது, அதை எப்படி எடுக்கிறார்கள், ஏன் வீட்டில் எடுக்கக்கூடாது, கொடுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கவே இந்தக் கட்டுரை.

உள்ளே இருப்பவை

ஒரு கைபேசியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படும் மஞ்சள் நிறம் தங்கம்தான். சிம் அட்டை தொடும் இடத்திலும், திரையின் நாடா போர்டோடு சேரும் இடத்திலும் மிக மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும். அழகுக்காக அல்ல, தங்கம் களிம்பு பிடிப்பதில்லை என்பதற்காக. நமது ஊர்க் கடற்காற்றில் செம்பு கொஞ்ச நாளிலேயே பச்சை பிடித்துவிடும். உப்புக்காற்றில் பழுதாகி வரும் கைபேசிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். சுற்றியிருப்பது எல்லாம் பச்சையாகியிருக்கும், தங்கப் பூச்சு சேதமில்லாமல் இருக்கும் இடம் மட்டும் மினுங்கும்.

போர்டின் அடுக்குகளுக்குள் ஓடும் கோடுகள் செம்பு. பாகங்களை ஒட்டியிருக்கும் ஈயப்பற்று என்று நாம் சொல்வது, பழைய கைபேசிகளில் உண்மையாகவே வெள்ளீயமும் ஈயமும் கலந்தது. 2006 யூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்ந்த கலவை பரவலானது. ஆகவே 2006க்கு முந்திய கைபேசி வீட்டில் இருந்தால் அதற்குள் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மணல்மணி அளவிலான மின்தேக்கிகள் சிலவற்றில் பலேடியமும் வேறு சிலவற்றில் தந்தாலமும் இருக்கும். ஒலிபெருக்கியின் காந்தத்தில் நியோடைமியம், அதிர்வு மோட்டாரின் சிறு எடையில் டங்ஸ்டன், தொடுதிரையில் இந்தியம், பற்றரியில் லிதியமும் கோபால்ட்டும் இருக்கும். போர்டில் தீப்பிடிப்பதைத் தடுக்கப் புரோமின் கலந்த இரசாயனங்களையும் சேர்த்திருப்பார்கள். அந்தப் போர்டை எரித்தால் வரும் புகையில் டயொக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகும்.

ஒரு பவுணுக்கு எத்தனை கைபேசி

அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனம் 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி சராசரியாக ஒரு கைபேசியில் செம்பு 16 கிராம், வெள்ளி 0.35 கிராம், தங்கம் 0.034 கிராம், பலேடியம் 0.015 கிராம் இருக்கிறது.

இதை நமது வீட்டுக் கணக்கில் பார்ப்போம். ஒரு பவுண் 8 கிராம். ஒரு துளி தங்கமும் வீணாகாமல் எடுத்தாலும் ஒரு பவுணுக்கு ஏறக்குறைய 235 கைபேசிகள் வேண்டும். தங்கப் பூச்சு காலப்போக்கில் மெலிந்துகொண்டே வருவதால் புதிய கைபேசிகளில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம். ஒருவர் தன் வீட்டு அலுமாரியில் கிடக்கும் நான்கைந்து கைபேசிகளை உடைத்து இலாபம் பார்ப்பது நடக்காத காரியம்.

தொகையாகச் சேரும்போது கணக்கு மாறுகிறது. பற்றரி நீக்கிய கைபேசிகள் ஒரு தொன், அதாவது ஏறத்தாழ 10,000 கைபேசிகள் சேர்ந்தால், அதில் 340 கிராம் வரை தங்கமும் மூன்றரைக் கிலோ வெள்ளியும் 130 கிலோ செம்பும் இருக்கும். தங்கச் சுரங்கத்தில் ஒரு தொன் பாறையில் 5 கிராம் தங்கம் இருந்தாலே நல்ல சுரங்கம் என்பார்கள். பழைய இலத்திரனியல் பொருட்களை 'நகரச் சுரங்கம்' என்று அழைப்பதன் காரணம் இதுதான்.

ஜப்பான் இதைச் செய்து காட்டியது. டோக்கியோ 2020 ஒலிம்பிக், பராலிம்பிக் போட்டிகளில் வழங்கிய ஏறத்தாழ 5,000 பதக்கங்களுக்கான உலோகம் முழுவதையும் மக்கள் கொடுத்த பழைய கருவிகளில் இருந்தே எடுத்தார்கள். 2017 ஏப்ரலில் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் 78,985 தொன் சிறு கருவிகளும் 62 இலட்சத்துக்கு மேற்பட்ட கைபேசிகளும் சேர்ந்தன. கிடைத்த தங்கம் 32 கிலோ, வெள்ளி 3,500 கிலோ, வெண்கலத்துக்கான உலோகம் 2,200 கிலோ.

ஆனால் உலகம் முழுவதற்குமான கணக்கு அவ்வளவு நல்லதாக இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனங்கள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022இல் மட்டும் 62 மில்லியன் தொன் இலத்திரனியல் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. அந்த ஓராண்டுக் கழிவில் இருந்த உலோகங்களின் மதிப்பு 91 பில்லியன் அமெரிக்க டொலர்.

புல்மோட்டை மணலும் கைபேசிப் போர்டும்

எடுக்கும் முறையை விளங்கிக்கொள்ள நமது மாவட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. திருகோணமலையில் இருந்து வடக்கே கடற்கரையோரமாக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போனால் புல்மோட்டை. அங்குள்ள கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கன் என்ற கனிமங்கள் செறிந்திருக்கின்றன. 1957இல் இதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது.

அந்த மணலை எப்படிப் பிரிக்கிறார்கள்? முதலில் தண்ணீரில் அரித்து, பாரமானதையும் பாரமற்றதையும் பிரிக்கிறார்கள். பிறகு காந்தம் பிடித்தால் இல்மனைட் ஒட்டிக்கொள்ளும், மற்றவை ஒட்டாது. மிஞ்சியதில் மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்க்கனையும் உயர் மின்னழுத்தத்தைக் கொண்டு பிரிக்கிறார்கள். பாரம், காந்தம், மின்கடத்தல் என்ற இந்த மூன்றும்தான் இலத்திரனியல் கழிவைப் பிரிக்கும் தொழிற்சாலைகளிலும் அடிப்படை. நொறுக்கிய துண்டுகளில் இரும்பைக் காந்தம் எடுத்துவிடும். அலுமினியம் போன்றவை சுழல் மின்னோட்ட முறையில் விலகி விழும். பிளாஸ்ரிக் வேறாகிவிடும்.

போர்டுகள் அடுத்த கட்டத்துக்குப் போகின்றன. பெல்ஜியத்தின் ஹொபோக்கனில் உள்ள யுமிகோர், சுவீடனின் ரொன்ஸ்கார் உருக்காலை போன்ற சில இடங்களில் போர்டுகளை 1,000 பாகை செல்சியசுக்கு மேல் உருக்குகிறார்கள். உருகிய செம்பு ஒரு காந்தம்போலத் தங்கம், வெள்ளி, பலேடியம் ஆகியவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அந்தச் செம்பை அமிலத்தில் கரைத்து மின்சாரம் பாய்ச்சித் தூய செம்பைப் பிரிப்பார்கள். அடியில் மிஞ்சும் வண்டலில் இருந்து தங்கமும் வெள்ளியும் வெளிவரும். இந்த முறையில் தங்கத்தின் 95 சதவீதத்துக்கு மேல் மீட்க முடிகிறது. உருக்கும்போது எழும் புகையைக் கழுவிச் சுத்தப்படுத்தும் அமைப்புத்தான் இத்தகைய ஆலையின் பெரும் செலவுகளில் ஒன்று.

அப்படியான உருக்காலை இலங்கையில் இல்லை. முறையாகச் சேகரிக்கும் நிறுவனங்கள் இங்கே பிரித்துவிட்டுப் போர்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. புல்மோட்டை மணலுக்கும் இதே கதைதான். மணலாகக் கப்பலேறி, வெள்ளைப் பூச்சுத்தூளாகவும் உலோகமாகவும் வேறெங்கோ மாறுகிறது. போர்க்காலத்தில் அந்த மணலுக்காக உயிர்களும் போயின. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' கப்பல் தாக்கப்பட்டு வெளிநாட்டு மாலுமிகளும் இறந்தார்கள். மண்ணில் இருப்பது பெறுமதியானது என்பது நமக்குத் தெரியும். அதன் பெறுமதி யார் கையில் சேர்கிறது என்பதுதான் தீராத கேள்வி.

அமிலத்தை ஏன் தொடக்கூடாது

வீடியோக்களில் காட்டும் முறை இராசதிராவகம். நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் தங்கம் கரையும் என்பது உண்மை. அவர்கள் காட்டாதவையும் இருக்கின்றன. கரையும்போது எழும் பழுப்பு நிறப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். மூச்சுத் திணறல் உடனே வராமல் சில மணித்தியாலங்கள் கழித்தும் வரலாம். தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சும் பச்சைத் திரவத்தில் செம்பும் ஈயமும் நிறைந்திருக்கும். அதை வளவில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும், வாய்க்காலில் ஊற்றினால் தம்பலகாமம் குடாவுக்கோ கொட்டியாரக் குடாவுக்கோ போகும். அங்கே வலை வீசுபவர்களும் நாம்தான், அந்த மீனைச் சாப்பிடுபவர்களும் நாம்தான்.

இவ்வளவு ஆபத்தை ஏற்றும் கிடைப்பது என்ன? பெங்களூரில் வீட்டுப் பட்டறைகளில் நடந்த அமில முறையை ஆராய்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, போர்டில் இருந்த தங்கத்தில் ஏறக்குறைய கால்பங்குதான் கைக்கு வருகிறது என்று கண்டது. மேலே சொன்ன பவுண் கணக்கில் போட்டால் ஒரு பவுணுக்கு 900க்கு மேற்பட்ட கைபேசிகள் வேண்டும். அமிலத்துக்குச் செலவழித்த காசும் கெட்டுப்போன நெஞ்சும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சீனாவின் குய்யூ நகரம் பல ஆண்டுகளாக உலகின் இலத்திரனியல் கழிவைத் தெருவிலும் முற்றத்திலும் எரித்தும் அமிலத்தில் போட்டும் பிரித்தது. அங்கே ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து 2007இல் வெளியான ஆய்வில், ஐந்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் ஈயத்தின் அளவு அக்காலத்தில் ஏற்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அந்தப் பாதிப்பைத் திருப்ப முடியாது.

நமக்கு இதில் ஒரு கசப்பான அனுபவம் ஏற்கெனவே உண்டு. போர் முடிந்த பிறகு வன்னியில் பழைய இரும்பு பொறுக்குவது பல குடும்பங்களுக்கு அன்றாட வருமானமாக இருந்தது. இரும்பென்று நினைத்து வெடிக்காத குண்டைத் தட்டி உயிரையும் கைகால்களையும் இழந்தவர்கள் பற்றிய செய்திகளை நாம் எத்தனை முறை படித்தோம். நிறைக்கு விற்கும் தொழிலில் இலாபம் மேலே போகும், ஆபத்து கீழே பொறுக்குபவரிடம் தங்கும். கைபேசியிலும் அதுவே நடக்கிறது. ஊதிய லிதியம் பற்றரியைக் குத்தினாலும் மடித்தாலும் தீப்பற்றும். பிள்ளைகள் அதைக் கல்லால் தட்டி விளையாடுவதை நான் பார்த்துத் தடுத்திருக்கிறேன்.

இன்னொரு மக்களின் போர்

மின்தேக்கியில் இருக்கும் தந்தாலம் கோல்ட்டான் என்ற கனிமத்தில் இருந்து வருகிறது. அதன் பெரும்பங்கு கொங்கோ ஜனநாயகக் குடியரசிலும் அயல்நாடுகளிலும் கையால் தோண்டி எடுக்கப்படுகிறது. கிழக்குக் கொங்கோவில் ஆயுதக் குழுக்கள் சுரங்கங்களைக் கைப்பற்றி வரி அறவிட்டுப் போரை நடத்திவருகின்றன. 2024இல் கோல்ட்டானுக்குப் பேர்பெற்ற ருபாயா சுரங்கப் பகுதியை எம்23 கிளர்ச்சிக் குழு கைப்பற்றியது. இத்தகைய கனிமங்களை எங்கிருந்து வாங்குகிறோம் என்பதை நிறுவனங்கள் வெளிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி 2021 சனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. போர் நிற்கவில்லை.

இடம்பெயர்வு என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. பழைய கைபேசியை மீள்சுழற்சிக்குக் கொடுத்தால் கொங்கோவின் துயரம் தீரும் என்றும் நான் சொல்லமாட்டேன். உண்மையில் தந்தாலம், இந்தியம், நியோடைமியம் போன்றவை உருக்காலையில் பெரும்பாலும் கசடோடு போய்விடுகின்றன. உலகின் அருமண் உலோகத் தேவையில் ஏறக்குறைய ஒரு சதவீதமே இலத்திரனியல் கழிவில் இருந்து கிடைக்கிறது. ஆகவே கைபேசியைத் திருத்தி இன்னும் இரண்டு வருடம் பாவிப்பதுதான் இந்த உலோகங்களைக் காப்பாற்றும் சிறந்த வழி. பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனத்துக்குத் திருத்திப் பாவிப்பது புதிய பாடமும் அல்ல.

யாரிடம் கொடுப்பது

இலங்கையில் இலத்திரனியல் கழிவு, அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளுக்குள் வருகிறது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரி 1ஆம் திகதி வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகளின்படி, இவற்றைச் சேகரிப்பதற்கும் களஞ்சியப்படுத்துவதற்கும் மீட்டெடுப்பதற்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு பாசல் சமவாயம் பொருந்தும். இலங்கை அதில் 1992இல் இணைந்தது. 2025 சனவரி 1 முதல் எல்லா வகை இலத்திரனியல் கழிவுக்கும், பெறும் நாட்டின் முன்சம்மதம் அவசியம்.

இந்தச் சட்டங்கள் வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியாவில் இருந்து 2017 தொடக்கம் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கழிவுக் கொள்கலன்களை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 263 கொள்கலன்களும் திருப்பி அனுப்பப்பட்டன. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது.

நடைமுறையில் சில விடயங்களைக் கவனியுங்கள். வாங்குபவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில தொலைபேசி நிறுவனங்களின் கிளைகளிலும் பழைய கைபேசிகளை ஏற்கிறார்கள், முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். கைபேசியை உடைக்காமல் முழுதாகக் கொடுங்கள். பற்றரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி, அதன் உலோக முனைகளில் ரேப் ஒட்டுங்கள். ஊதிய பற்றரியை மணல் போட்ட தகர டின்னில் வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். குப்பையோடு எரிக்கவே வேண்டாம்.

ஒருவரின் ஒரு கைபேசிக்காக யாரும் கொழும்பில் இருந்து வரமாட்டார்கள். பாடசாலை, சனசமூக நிலையம், கடற்றொழிலாளர் சங்கம் என்று எங்காவது ஓரிடத்தில் சேர்த்து மொத்தமாகக் கொடுத்தால்தான் வண்டிக்கூலி கட்டும். சேர்ப்பதும் பிரிப்பதும் இங்கே கையால் நடக்கலாம், அதில் வேலைவாய்ப்பும் இருக்கிறது. உருக்குவதும் கரைப்பதும் அதற்கென்று கட்டிய ஆலையில் நடக்கட்டும்.

முதலில் நினைவை எடுங்கள்

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விடயம். 2012இல் ஒருமுறை கடையில் இடமில்லாமல், எடுக்கப்படாத கைபேசிகள் இருந்த பெட்டியை அப்படியே நிறைக்குக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒருவர் வந்தார். 2008இல் தம்பி திருத்தக் கொடுத்த கைபேசி, அதில் தம்பியின் படங்கள் இருந்தன, தம்பி இப்போது இல்லை என்றார். நான் என்ன சொல்வது? "பரவாயில்லை" என்று அவர்தான் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு கைபேசியையும் பார்க்காமல் கொடுத்ததில்லை.

கைபேசியில் கிடக்கும் ஒரு அழைப்போ செய்தியோ எவ்வளவு பெறுமதி என்பதை இந்த நகரம் அறியும். 2006 சனவரி 2ஆம் திகதி மாலை காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்களில் ஒருவர் தந்தையின் கைபேசிக்குத் தொடர்புகொண்டார். தந்தை உலகம் முழுவதும் கொண்டுசென்ற சாட்சியத்தில் அந்தத் தொடர்பும் இருந்தது. 2019 யூலையில் போதிய சாட்சியம் இல்லையெனச் சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். நீதி கிடைக்காத இடத்தில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பதிவும் முக்கியமாகிறது.

தங்கம் எத்தனை வருடம் கிடந்தாலும் தங்கமாகவே இருக்கும். நினைவகச் சில்லு அப்படியில்லை. அதற்குள் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது, அது மெல்லக் கசியும். பத்து, இருபது வருடங்கள் தாங்கும் என்ற கணக்கில்தான் அவற்றைச் செய்கிறார்கள். போரின் கடைசிக் காலத்துக் கைபேசிகளுக்கு அந்தக் கெடு முடிந்துகொண்டிருக்கிறது. ஆகவே இப்போதே செய்யுங்கள்.

பழைய பற்றரியைச் சார்ஜ் போட முயலாதீர்கள். நொக்கியா 1100 போன்றவற்றுக்கான பி.எல்-5சி பற்றரி சிறிய வானொலிகளுக்கும் போடப்படுவதால் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

பழைய சிம்மை எறியாதீர்கள். இணைப்புத் துண்டிக்கப்பட்டிருந்தாலும் கைபேசியைத் திறக்க அது உதவும். செய்திகளும் பெயர்களும் சிம்மிலேயே பதிந்திருக்கலாம். பல பழைய நொக்கியாக்களில் வேறு சிம் போட்டால் அழைப்புப் பட்டியல் அழிந்துவிடும்.

இரகசிய இலக்கம் மறந்துபோனால் குத்துமதிப்பாக அழுத்தாதீர்கள். மூன்று முறை பிழைத்தால் சிம் பூட்டிவிடும், அதைத் திறக்கும் இலக்கத்தைப் பத்து முறை பிழைத்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். திருத்துபவரிடம் கொடுக்கும்போது, மென்பொருள் மாற்ற வேண்டாம், உள்ளே இருப்பது அழியக்கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கைபேசி வேலை செய்தால் போதும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தருவார்கள்.

திறந்ததும் ஒவ்வொரு செய்தியையும் இன்னொரு கைபேசியால் படம் எடுங்கள். அனுப்பியவரின் இலக்கமும் திகதியும் நேரமும் படத்தில் தெரிய வேண்டும். கைபேசியின் கடிகாரம் பிழைத்துப்போயிருந்தாலும், வந்த செய்தியின் நேரம் தொலைபேசி நிறுவனத்தின் நிலையத்தில் இருந்து பதிவானது, அது மாறாது. படங்களையும் காணொளிகளையும் இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். யாரிடம் காட்டுகிறீர்கள் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றியோ ஒரு சம்பவம் பற்றியோ ஏதாவது பதிவு இருக்குமானால், பிரதி எடுத்த பிறகும் அந்தக் கைபேசியைக் கொடுக்காதீர்கள். அசல் கோப்பின் பெயரைக்கூட மாற்றாமல், யாருடையது, யாரிடம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வைத்து, நம்பிக்கையான சட்டத்தரணியிடம் கேளுங்கள். மற்றக் கைபேசிகளில் எல்லாவற்றையும் அழித்து, சிம்மையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டுக் கொடுக்கலாம்.

மூதூர் அம்மாவின் கைபேசிக்குப் புதிய பற்றரி போட்டேன். சிம்மையும் ஒரு பொலித்தீன் பையில் பத்திரமாக வைத்திருந்தார். திரை எரிந்தது. மகனின் செய்திகள் ஏழு இருந்தன. "சாப்பிட்டீங்களா", "நாளைக்கு வாறன்" போன்ற சாதாரணச் செய்திகள்தான். படம் எடுத்து, பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். அவருக்கு அச்சு போதுமாக இருக்கவில்லை, கைபேசியைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுபோனார்.

இரும்பு வாங்கும் தம்பி அடுத்த கிழமையும் வந்தார். அமிலம் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். முதலிரண்டு பெட்டிகளை அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரிடம் சேர்ப்பதென்று இருவரும் பேசியிருக்கிறோம். மூன்றாவது பெட்டி மேசைக்குக் கீழேயே இருக்கிறது. அதில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, உரியவர்களின் வீடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். திருகோணமலையில் எங்காவது ஒரு கடையில் திருத்தக் கொடுத்து, இடப்பெயர்வில் எடுக்காமல் போன கைபேசி உங்களுக்கும் இருந்தால், அந்தக் கடைக்கு ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள்.